பெருமாளுக்கும் எனக்கும் ஒரே செம்பருத்தி

எங்கள் கொல்லையில் இருக்கும் செம்பருத்திக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறோம். ஒருவர் பூஜை அறையில் இருக்கிறார். அவர் சார்பில் என் கணவர் விடியற்காலையிலேயே பூக்குடலையோடு கிளம்பிவிடுவார். இன்னொருத்தி நான். எனக்கு அந்தப் பூ செடியிலேயே இருக்க வேண்டும், அதுவும் ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில். வழக்கு தினமும் நடக்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் எனக்கு முன்னால் எழுந்துவிடுவதால் தீர்ப்பு பெரும்பாலும் எனக்குப் பாதகமாகவே வருகிறது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினம் ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். பூ, வானம், தெரு, அடுக்களை, எது கையில் கிடைக்கிறதோ அது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த டுவேன் கைசர் என்ற ஓவியர் 2004-இல் தபால் அட்டை அளவில் நாளுக்கொரு எண்ணெய் ஓவியம் என்று ஆரம்பித்தார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் பலர் தொற்றிக்கொண்டார்கள். அவர் வீட்டில் காலையில் பூப்பறிக்க யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வந்திருந்தால் இந்த வழக்கம் உலகத்தில் பரவியே இருக்காது.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஒரே ஒரு பூவை எனக்காகச் செடியில் விட்டுவைப்பது, நான் வரைந்து முடித்ததும் அது பூஜைக்குப் போய்விடுவது. உடனே இவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மனுஷி ஒருத்தி முக்கால் மணி நேரம் வெறித்துப் பார்த்த பூ, பெருமாளுக்கு ஆகுமா? அது நிர்மால்யக் கணக்கில் சேராதா? வாத்தியாரிடம் கேட்டார். அவர் நன்றாக யோசித்து, "முகர்ந்த பூ ஆகாது. பார்த்த பூவுக்கு தோஷமில்லை" என்றார். அன்றிலிருந்து நான் வரையும்போதெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும்: "மூக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ." செம்பருத்திக்கு வாசனையே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அது உனக்கெப்படித் தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

செம்பருத்தியைப் பொறுத்தவரை சண்டை நேரத்தைப் பற்றியது மட்டும்தான். வெள்ளைப் பூக்களிடம் சண்டை வேறு மாதிரி. நம் ஊரில் மதிப்பான பூக்களை எண்ணிப் பாருங்கள்: மல்லி, முல்லை, நந்தியாவட்டை, தும்பை, பவழமல்லி. காம்பு ஒன்று பவழ நிறத்தில் இருப்பதைத் தவிர எல்லாம் வெள்ளை. வாட்டர் கலரில் அசலான சம்பிரதாயப்படி வெள்ளை வண்ணமே கிடையாது. காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் வெள்ளை. அதாவது நந்தியாவட்டை வரைய வேண்டுமானால் இலை, நிழல், பின்னால் இருக்கும் துவைகல், அதன்மேல் காயும் வேட்டி எல்லாவற்றையும் வரைந்து, பூவை மட்டும் வரையாமல் விட வேண்டும். 1834-லேயே லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி 'சைனீஸ் ஒயிட்' என்று துத்தநாக வெள்ளை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அதைத் தொடுகிறவர்களை ஒரு கோஷ்டி இன்றும் பந்தியில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆசாரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொல்லையில் நாள் முழுக்க யாரும் பறிக்காமல் எனக்கென்றே நிற்கும் பூ ஒன்று உண்டென்றால் அது நித்தியகல்யாணி. சில ஊர்களில் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பெயர் என்பதால் இவர் குடலையில் அதற்கு இடமில்லை. அந்தச் செடியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் மருந்து எடுக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "ரொம்ப நல்லது, ஆஸ்பத்திரியில் வச்சுக்கட்டும்" என்று பதில் வந்தது. ஆகவே என் படக் கட்டைப் புரட்டினால் தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி தவிர வேறு பூவே பூப்பதில்லை என்று தோன்றும்.

பூ வரைவதையே உத்தியோகமாகச் செய்தவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், தென்னாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகள் போட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள். செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைக்க ஆள் இருந்தது. கோவிந்துவின் வேலையில் மகிழ்ந்துபோன வைட், ஓர் ஆர்க்கிட் வகைக்கு 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார். பிற்பாடு தாவரவியலார் அந்தச் செடி ஏற்கெனவே இருக்கும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்று சொல்லிப் பெயரை ரத்து செய்துவிட்டார்கள். இதையெல்லாம் இவரிடம் சொன்னபோது, "ரங்கையான்னா நம்ம ரங்கநாதர் பெயர்தானே" என்று அதோடு திருப்தி அடைந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அடுத்த தகராறு பிரஷ்ஷால் வந்தது. ஒருநாள் பூஜை அறை வாசலில் பிரஷ்ஷைக் காய வைத்திருந்தேன். "இது என்ன முடி?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். கடையில் ஒட்டக முடி பிரஷ் என்று விற்பார்கள், அதில் ஒட்டகத்தின் முடி ஒன்றுகூட இருக்காது, பெரும்பாலும் அணில்தான். உசத்தி பிரஷ் வேண்டுமானால் சைபீரியாவில் கீரி ஜாதியை ஒத்த ஒரு பிராணியின் வால் முடி. நம்மூர்க் கீரி முடியில் செய்ததும் ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்தது. இப்போது கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் அது குற்றம். இவர் முகம் மாறியது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் பேச ஆள் கிடைத்த உற்சாகம். வண்ணம் சீராகப் பரவுவதற்கு மாட்டுப் பித்தநீரைச் சேர்ப்பதுண்டு, நல்ல வாட்டர் கலர் காகிதத்துக்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய ஜெலட்டின் பூச்சு உண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். வண்ணப் பொடியைப் பிடித்து வைத்திருப்பது வேல மரத்துப் பிசின்தான், சிலவற்றில் தேனும் உண்டு என்ற நல்ல செய்திக்கு வருவதற்குள் என் பெட்டி, பேலட், காகிதக் கட்டு எல்லாம் கார் ஷெட்டுக்கு மாற்றப்பட்டிருந்தன. எங்களிடம் கார் கிடையாது. அந்த அளவில் எனக்கு ஒரு ஸ்டூடியோ கிடைத்தது.

இந்திய மஞ்சள்தான் என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது. பழைய காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் ஆசையாக வாங்கிய வண்ணம் அது. 1883-இல் திரைலோக்யநாத் முகர்ஜி என்ற வங்காளி அதிகாரி அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டு பீகாரில் முங்கேர் பக்கம் போனார். அங்கே பசுக்களுக்கு மாவிலை கொடுத்து வளர்த்து, அவற்றின் கோமியத்தைக் காய்ச்சி, வண்டலை உருண்டை பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோமியம், மாவிலை! புண்யாகவாசனத்துக்கு வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது. "அந்த டியூபை மட்டும் உள்ளே வச்சுக்கோ" என்று பெருந்தன்மையாக அனுமதித்தார். இப்போது அந்தப் பெயரில் வருவது முழுக்க ரசாயனம் என்று எனக்குத் தெரியும். இந்த முறை பேசாமல் இருந்துவிட்டேன். மாவிலை தின்ற அந்தப் பசுக்கள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இல்லை என்று முகர்ஜி எழுதியதையும் சொல்லவில்லை.

வானத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, யாரும் பறிக்க மாட்டார்கள் என்று மாடிக்குப் போனேன். மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. பங்குனி தொடங்கி ஆனி வரை எங்கள் மொட்டை மாடி வடாத்துக்குச் சொந்தம். நான் வானத்தைப் பார்க்கலாம், ஆனால் ஒரு கண் காக்காய் மேல் இருக்க வேண்டும் என்பது மாமியார் காலத்து நிபந்தனை. கத்திரி வெயிலில் காகிதத்தின் மேல் பாதியில் நீலத்தை இழுத்துக் கீழ் பாதிக்கு வருவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் அதே நீலம் மறுநாள் வரை ஈரமாகவே இருக்கும், மருமகளின் ஹேர் டிரையரைக் கேட்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மேகங்கள் ஒரு சொட்டுப் போடாமல் எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். வரைவதற்கு அதைவிட அருமையான மேகம் கிடையாது, காகிதம்தான் அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடும்.

இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து வானத்தை மட்டுமே தொடர்ந்து வரைந்தார். பல படங்களின் முதுகில் தேதி, மணி, காற்று எந்தத் திசை, மழை வந்ததா என்று குறித்து வைத்தார். பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குறிப்புகளை வானிலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நானும் எழுதி வைக்கிறேன். போன வாரம் எடுத்துப் பார்த்தேன்: "மாலை 5.40. மேல்காற்று. மேற்கே சாம்பல், ஓரத்தில் மஞ்சள். பால்காரர் பாக்கி 64 ரூபாய்." "காலை 6.15. காற்றில்லை. காஸ் புக் பண்ண வேண்டும்." என் முதுகுப் பக்கத்தையும் யாராவது ஆராய்ந்தால் வானிலைக்கு உதவாவிட்டாலும் குடும்ப வரவு செலவுக்கு உதவும்.

வெயில் தாங்காமல் அடுக்களைக்கு இறங்கியதும் உண்டு. இத்தாலியில் பொலோனியா நகரில் ஜியார்ஜியோ மொராண்டி என்ற ஓவியர் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் சீசாவையும் ஜாடியையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தே உலகப் புகழ் பெற்றார். மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் இருந்தார். அந்தச் சாமான்கள்மேல் படிந்த தூசியைத் துடைக்க விடமாட்டாராம். மூன்று பெண்கள் இருக்கும் வீட்டில் அது நடந்திருக்கிறது என்றால் என் கணக்கில் அவர் சாதனை ஓவியத்தில் இல்லை. நான் டவரா டம்ளர், கூஜா, அருவாமனை மூன்றையும் வெளிச்சம் பார்த்து வைத்துவிட்டு, கார் ஷெட்டுக்குப் போய் பிரஷ் எடுத்து வருவதற்குள் வேலை செய்யும் பெண்மணி மூன்றையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பார். "சாமான் சும்மா கிடந்துச்சுன்னு நினைச்சேங்கம்மா." அப்படியே தப்பித்தாலும் எவர்சில்வர் வரைவதற்குச் சுலபமில்லை. டம்ளரை உற்றுப் பார்த்தால் அதில் ஜன்னல், மிக்ஸி, காலண்டர், அகன்ற முகத்தோடு நான், என் தோளுக்குப் பின்னால் "காபி ஆச்சா?" என்று எட்டிப் பார்க்கும் இவர், எல்லாமே தெரியும். ஒரு டம்ளர் வரைய ஒரு குடும்பத்தையே வரைய வேண்டும்.

தெருவில் இறங்கினால் விமர்சகர்கள். இந்த ஊரில் கலை விமர்சனத்துக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: ராஜகோபுரம். பல நூற்றாண்டு காலம் முற்றுப்பெறாமல் மொட்டையாக நின்று, 1987-இல்தான் 13 நிலையும் 236 அடியுமாக எழுந்தது அது. எந்தத் தெருவை வரைந்தாலும் மூலையில் வந்து நின்றுகொள்ளும். பின்னால் யாராவது வந்து நின்றால் படத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது, நிலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "பதினொண்ணுதான் இருக்கும்மா" என்பார் எதிர்வீட்டு மாமா. தூரத்தில் மங்கலாகத் தெரிவதை மங்கலாகத்தான் வரைய வேண்டும் என்றேன். "மங்கலா தெரிஞ்சா ரெண்டு நிலை எங்கே போகும்?" என்றார். இதற்கு மறுமொழி மேல்நாட்டு ஓவிய சாஸ்திரத்தில் எங்கும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் வேறு பிரச்சினை. வண்டி நம்பர் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்து வண்டியின் நம்பர் படிக்கும்படி இருக்கக் கூடாது.

எல்லோரையும்விடக் கறாரானவர் கோயில் பக்கம் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாள். விரலிடுக்கில் நாரை வளைத்து முடிச்சுப் போடும் வேகத்தை என்னால் இன்றுவரை பிடிக்க முடியவில்லை. கையை வரைந்தால் பூ விட்டுப்போகும், பூவைப் பிடித்தால் கை அடுத்த முடிச்சுக்குப் போயிருக்கும். தெரிந்ததை வைத்து ஒருவழியாக முடித்து, கூடையின் விளிம்பில் சரம் தொங்கட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே நீட்டி, மரியாதைக்கு அவரிடம் காட்டினேன். முகம், தோடு, புடவைக் கரை எதையும் அவர் பார்க்கவில்லை. முழங்கையை மடக்கிப் படத்தின்மேல் வைத்து அளந்தார்.

"மாமி, நீங்க எங்கிட்ட வாங்கினது ரெண்டு முழம். இதுல நாலு முழம் இருக்கு. மிச்ச ரெண்டு முழத்துக்குக் காசு?"

கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இவர் கேட்டார், "அந்த ரெண்டு முழம் எங்கே?"