இடுக்குக்கு எத்தனை கிலோ?

பவானியில் வீடு கட்டுகிறவர் எதையும் கணக்குப் போட்டுத்தான் வாங்குவார். மணலுக்கு யூனிட், கம்பிக்கு டன், செங்கல்லுக்கு ஆயிரம், பால் காய்ச்சும் அன்றைக்கு எத்தனை இலை என்பது வரை ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டில் ஏறாத ஒரே சாமான், டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட். வீட்டுச் செலவில் சில்லறையாகப் போவது அதுதான்; கடைக்கு அதிக நடை நடக்க வைப்பதும் அதுதான். ஒரே நடையில் முடிக்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. நான் நாலு நடை நடந்தவன். எழுதுவதற்கு அந்தத் தகுதி போதும்.

படி 1: மேஸ்திரியைக் கேளுங்கள்

கேட்காவிட்டால் அவருக்கு மனத்தாங்கல் வரும். "எத்தனை கிலோங்க வேணும்?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். "ஒரு அஞ்சு கிலோ வாங்கியாங்க. பத்துலீன்னா பொறவு பாத்துக்கலாமுங்க" என்பார். இதில் 'அஞ்சு' என்பதை எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கொஞ்சம்' என்பதை அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். பொறவு பார்க்கப் போவதும் அவர் இல்லை, நீங்கள்தான்.

படி 2: மேஸ்திரிக்குத் தெரியாமல் கணக்குப் போடுங்கள்

டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் கூட்டுங்கள். அதே இரண்டையும் பெருக்கி, வந்த விடையால் கூட்டலை வகுத்துவிடுங்கள். பிறகு டைல்ஸின் கனம், இடுக்கின் அகலம், கடைசியாக 1.6 ஆகியவற்றால் பெருக்குங்கள். அந்த 1.6 கிரவுட்டின் எடைக்காக. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று விடை வரும்.

ஹாலுக்குப் போடும் இரண்டுக்கு இரண்டு டைல்ஸையே எடுத்துக்கொள்வோம். 600க்கு 600, கனம் 9, இடுக்கு 3. கூட்டினால் 1,200, பெருக்கினால் 3,60,000. மீதியையும் போட்டு முடித்தால் சதுர மீட்டருக்கு 0.144 கிலோ, அதாவது 150 கிராமுக்கும் குறைவு. ஆயிரம் சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆக 13.4 கிலோ. வாளியில் ஒட்டுவது, தரையில் சிந்துவது, ஸ்பாஞ்சோடு போவது என்று பத்து சதவீதம் சேர்த்தால் 15 கிலோ.

மேஸ்திரி சொன்னது அஞ்சு. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

படி 3: இடுக்கே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

"இடுக்கு உட்டாத்தான கிரவுட்டு? ஒட்டி ஒட்டிப் போட்டுருங்க" என்று வீட்டில் ஒரு பெரியவர் யோசனை சொல்வார். அவர் வளர்ந்தது காவித் தரையில். அதில் இடுக்குமில்லை, கிரவுட்டுமில்லை. டைல்ஸ் அப்படியல்ல. வெயிலுக்கு விரியும், கட்டடம் லேசாக அசையும். விரிய இடமில்லாவிட்டால் ஒரு நாள் 'டொப்' என்று நடு ஹாலில் கூரை மாதிரி எழும்பி நிற்கும். இடுக்கை 3 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆக்கினால் கிரவுட் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதுவரைக்கும் சிக்கனம், அதற்குமேல் போனால் தரையைப் பெயர்க்கிற செலவு.

படி 4: பாத்ரூமைச் சின்னது என்று நினைக்காதீர்கள்

அளவில்தான் அது சின்னது. ஓரடிக்கு ஓரடி டைல்ஸ், கனம் 8, அதே 3 மில்லி இடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 0.256 கிலோ. ஹாலைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். டைல்ஸ் சிறுக்கச் சிறுக்க இடுக்கு பெருகும், அவ்வளவுதான் சூட்சுமம். மருமகள் ஆசைப்பட்டு ஒரு அங்குல மொசைக் கேட்டால் ஆறு மில்லி கனத்துக்கும் இரண்டு மில்லி இடுக்குக்கும் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ பிடிக்கும். ஹாலைப்போலப் பத்து மடங்கு.

தண்ணி புழங்குகிற இடமாச்சே என்று எபாக்ஸி கிரவுட் வாங்கினால் இன்னொரு எச்சரிக்கை. ரெசின், ஹார்டனர், பொடி மூன்றையும் பெட்டியில் உள்ள அளவுப்படியேதான் கலக்க வேண்டும். கலந்துவிட்டால் இறுகும்வரைதான் நேரம். "டீ குடிச்சுட்டு வந்தரனுங்க" என்று மேஸ்திரி கிளம்பினால் அவர் திரும்பி வரும்போது வாளியில் இருப்பது கல்.

படி 5: தண்ணீருக்குக் காவல் இருங்கள்

கூடுதுறையில் கண்ணுக்குத் தெரிவது காவிரியும் பவானியும். தெரியாதது அமுத நதி. டைல்ஸ் வேலையில் அந்த மூன்றாவது நதி வாளிக்குள் ஓடும். பொடி பத்தாது என்று தெரிந்ததும் கையாள் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றுவார். அளவு கூடும், அன்றைக்கு வேலையும் முடியும். காய்ந்த பிறகு கிரவுட் சுருங்கும், கீறல் விடும், வெளுக்கும், விளக்குமாற்றோடு பொடியாக வரும். வெள்ளைச் சிமெண்டைக் கலந்து ஒப்பேற்றுவதும் இதற்குத் தம்பி முறை.

படி 6: ஒரே பேட்ச் வாங்குங்கள்

நூலுக்குச் சாயம் போட்டு ஜமுக்காளம் நெய்கிற ஊர் இது. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. இரண்டு தடவையாகச் சாயம் போட்ட நூலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இங்கே கண்டுபிடிக்காத ஆள் கிடையாது. கிரவுட்டும் அப்படித்தான். பாக்கெட்டில் 'ஐவரி' என்றே போட்டிருக்கும். ஆனால் போன வாரத்து ஐவரி வேறு, இந்த வாரத்து ஐவரி வேறு. என் வீட்டு ஹாலில் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் முதல் நடை, அந்தப் பக்கம் இரண்டாம் நடை. "காஞ்சா ஒண்ணாயிருமுங்க" என்றார் மேஸ்திரி. காய்ந்து மூணு வருஷமாகிறது. பால் காய்ச்சிய அன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்தோம். இன்னும் எடுக்கவில்லை.

படி 7: மிஞ்சினால் மகிழுங்கள்

நாலாம் நடை அமைந்தது ஆடிப் பதினெட்டு அன்று. கூடுதுறைக்கு வந்த கூட்டத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு போய், இரண்டு கிலோ வாங்கி, திரும்பி வரும்போது மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். அன்று ராத்திரி உட்கார்ந்து நாலு பில்லையும் கூட்டினேன். அஞ்சு, அஞ்சு, மூணு, ரெண்டு. ஆக 15 கிலோ.

ஆகவே கணக்கில் வருவதற்குமேல் ஒரு கிலோ சேர்த்து, எல்லாம் ஒரே பேட்ச் நம்பரா என்று பார்த்து, ஒரே நடையில் வாங்கிவிடுங்கள். பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றாலும் குடி முழுகாது. பேட்ச் நம்பரை மட்டும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.