தீவுக்குத் திரும்பாத சிறுநீரக நிபுணர் ஆவது எப்படி?

அந்தமானின் அனிம்ஸ் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்து, சிறுநீரகம்தான் என் துறை என்று தீர்மானித்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்தக் குறிப்புகள். படித்து முடித்தபின் போர்ட் பிளேயர் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது எப்படி என்று சிலர் கவலைப்படுகிறீர்கள். 2024-ல் ஊர் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், இனி அட்ரஸ் தெரியவில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அவசியமே இருக்காது. பாதி வேலையைப் பாடத்திட்டம் பார்த்துக்கொள்ளும், மீதியை வயது பார்த்துக்கொள்ளும்.

முதலில் வயதுக் கணக்கு. எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, எம்டி மூன்று, பிறகு நீட் எஸ்எஸ் எழுதி டிஎம் நெஃப்ராலஜி மூன்று. ஆக பதினொன்றரை. 2015-ல் அனிம்ஸின் முதல் செட்டில் சேர்ந்தவர் எந்தத் தேர்விலும் ஒருமுறைகூடச் சறுக்காமல் போயிருந்தாலும் 2027-ல்தான் முழு நிபுணர். டிஎம் தீவில் கிடையாது, கடல் தாண்டியே ஆக வேண்டும். அதற்குள் வாழ்க்கைத் துணைக்குச் சென்னையில் வேலை, பிள்ளைக்கு எல்கேஜி சீட், ஃபிளாட்டுக்கு இஎம்ஐ எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். இதற்காக நீங்கள் தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டாம்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது மட்டும் கொஞ்சம் கவனம். எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. வேலூர் சிஎம்சியில் 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் நள்ளிரவில் கழுத்துச் சிரையில் கதீட்டர் போடுவீர்கள், பிளாஸ்மா மாற்றுவீர்கள், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் சிஆர்ஆர்டி டயாலிசிஸ் மெஷினோடு குடும்பமே நடத்துவீர்கள். பயாப்ஸி எடுத்தால் துணுக்கைத் தூக்கிக்கொண்டு வராந்தா முனை வரை ஒருவர் நடந்தால் போதும், சாயங்காலம் பேத்தாலஜிஸ்ட் போன் செய்வார். இதே துணுக்கை ஒரு தீவிலிருந்து அனுப்புவதென்றால் எந்தத் திரவத்தில் போடுவது, எந்த விமானத்தில் ஏற்றுவது, மழையால் விமானம் ரத்தானால் என்ன செய்வது என்று பேராசிரியரிடம் கேட்டுவிடாதீர்கள். தேர்வில் வராது.

தண்ணீரைப் பற்றியும் கேட்கக் கூடாது. டயாலிசிஸ் மெஷினில் கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், அதுவும் ஆர்ஓ-வில் சுத்தம் செய்த தண்ணீர். அந்த 120 லிட்டர் எடுக்க ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீர் தனி. பயிற்சிக் காலத்தில் இது சுவரிலிருந்து வரும் ஒரு குழாய், அவ்வளவுதான். கோடையில் போர்ட் பிளேயருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை இறங்கி, வீட்டில் அம்மா குடங்களை வரிசையாக நிரப்பி வைத்தது நினைவுக்கு வந்தால், உடனே எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் சில பாடங்கள் உங்களைத் தீவுப் பக்கம் இழுக்கும். அதில் மோசமானது எலிக்காய்ச்சல். 1988 வாக்கில் வடக்கு அந்தமானின் திக்லிபூர்ப் பகுதியில் காய்ச்சலும் ரத்தக் கசிவுமாக ஆட்கள் விழுந்தார்கள். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு போர்ட் பிளேயரில் உள்ள ஐசிஎம்ஆர் ஆய்வு மையம் அது லெப்டோஸ்பைரா கிருமி என்று கண்டுபிடித்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கைதிகளிடமே இந்த நோயைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். இதில் ருசியான விஷயம், சிறுநீரகம் கெட்டால் பொட்டாசியம் ஏறும் என்று மூன்று ஆண்டும் மனப்பாடம் செய்வோம் அல்லவா, எலிக்காய்ச்சலில் பல சமயம் இறங்கும். சிறுநீரும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வழக்கமான பழக்கத்தில் பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தால் இதயம் தாளம் தப்பும். வாரம் ஒரு டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்த ஆய்வும் வடக்கு அந்தமானில் நடந்ததுதான். தொற்றை அது நிறுத்தவில்லை, நோயின் கடுமையைக் குறைத்தது. வயலில் இறங்கும் ஒரு தீவு விவசாயியைக் காப்பாற்ற இந்த அறிவு போதும் என்று தோன்றும். அந்த எண்ணத்தை வளரவிடாதீர்கள். பெருநிலப் பேராசிரியர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கண்ணாடி விரியன் கடிதான் பிடித்த கேஸ். அந்தமானில் கண்ணாடி விரியனே கிடையாது, எனவே அதை நன்றாகப் படியுங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸும் (பிடி) இதே வகையில் ஆபத்தானது. மெஷின் வேண்டாம், ஆர்ஓ வேண்டாம். இரண்டு லிட்டர் பையை நாளுக்கு நான்கு முறை நோயாளியே வயிற்றுக்குள் விட்டு எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 240 லிட்டர், அதாவது 120 பைகள். தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பேக்குக் கப்பலில் அரிசி மூட்டை போகிறது, சிமெண்ட் போகிறது, அட்டைப்பெட்டியில் இந்தப் பை போகாதா என்று யாருக்கும் தோன்றும். மெஷின் டயாலிசிஸ் பழகியவருக்குத் தோன்றாது. அதனால் பயிற்சியில் பிடி வார்டுக்கு டூட்டி போட்டால் நண்பரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

எம்.கே. மணி என்ற பெயரை நூலகத்தில் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். அப்போலோவில் இருந்த பெரிய நெஃப்ராலஜிஸ்ட். சென்னைக்கு வெளியே கிராமங்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் அவர் செய்த காரியம் சிறுநீரக நிபுணர்களின் மானத்தை வாங்குவது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சோதனைக் குழாயில் கொஞ்சம் சிறுநீர், அதில் சில சொட்டு சல்போசாலிசிலிக் அமிலம். பால் கலந்ததுபோல் கலங்கினால் புரதம் போகிறது. இன்னொரு குழாயில் பெனடிக்ட் கரைசல் ஊற்றிச் சூடாக்க வேண்டும்; நீலம் பச்சையாகிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை. கையில் ரத்த அழுத்தக் கருவி. சர்க்கரையும் அழுத்தமும் இருப்பவர்களுக்கு விலை மலிவான பழைய மாத்திரைகள். இதற்கு டிஎம் எதற்கு என்று கேட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் படிப்பு அங்கேயே முடிந்தது. ஒரு சிறுநீரக நோயைக் காட்டும் பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடியைப் பற்றிப் படியுங்கள், மனசு சரியாகிவிடும். இடுப்பு வலிக்கு வருடக்கணக்கில் டைக்ளோஃபினாக் போட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் மத்திய அந்தமான் ரங்கத் பெரியவரை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

சென்னையில் ஓபிடி பார்க்கும்போதும் விழிப்பு தேவை. தீவு நோயாளி வருவார். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம், 'மெயின்லேண்ட்' என்பார், தமிழுக்கு நடுவே ஹிந்தி வரும். முன்கையில் டயாலிசிஸ் ஊசிக்காகச் செய்த ஃபிஸ்டுலா புடைத்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே ரத்தம் கரகரவென்று அதிர்வது தெரியும். கப்பலில் வரவில்லை, விமானத்தில்தான் வந்திருப்பார், வேறு வழியில்லை. கப்பல் சென்னை வந்து சேரக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், அவ்வளவு நேரம் டயாலிசிஸ் இல்லாமல் கடலில் இருப்பது அவருக்கு ஆபத்து. போர்ட் பிளேயரின் பந்த் ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிறது, ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதால் இங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருப்பார். இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்ததாக ராத்திரி போன் வந்தால், காலை விமானத்துக்குக் காத்திருக்க முடியாதல்லவா?

"தம்பி நம்ம போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டா?" என்பார்.

ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே "பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருக்கு, வாழைப்பழம் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

டிஎம் முடிந்தபின் வெளிநாட்டு ஃபெலோஷிப் ஆசை வரும். சர்வதேச நெஃப்ராலஜி சங்கமான ஐஎஸ்என் கொடுப்பதைத் தொடாதீர்கள். கற்றதைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்து என்கிற நிபந்தனையோடு வருவது அது. அமெரிக்கா பரவாயில்லை. அங்கே சிறுநீரக ஃபெலோஷிப் இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் மிஞ்சுகின்றன, இரு கை நீட்டி வரவேற்பார்கள். மறுபடி மூன்றாண்டு ரெசிடென்சி, பிறகு இரண்டாண்டு ஃபெலோஷிப். ஜே-1 விசாவில் போனால் ஒரு சிக்கல், முடித்ததும் இரண்டாண்டு தாய்நாடு திரும்ப வேண்டும். அதற்கும் விலக்கு உண்டு: டாக்டர் கிடைக்காத ஏதாவது ஒரு ஒதுக்குப்புற மாவட்டத்தில் மூன்றாண்டு சேவை செய்தால் போதும். அமெரிக்காவின் ஒதுக்குப்புறத்தில்தான், கேம்பல் பேயில் அல்ல.

இத்தனைக்குப் பிறகும் மனசு உறுத்தினால் இலவச மருத்துவ முகாமுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை விமானம், சனிக்கிழமை நோயாளிகள், ஞாயிறு ராதாநகர் கடற்கரை. மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். டயாலிசிஸ் நோயாளிகள் முகாம் முடிந்தபின் திங்களும், பிறகு புதனும் வெள்ளியும் வருவார்கள். அப்போது நீங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை, போட்டோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.