தோற்ற ஆட்டத்தின் பாடம்

கேள்வி: சதுரங்கத்தில் தொடர்ந்து தோற்று, தரப்புள்ளியும் சரிந்த ஒருவர் மீள்வது எவ்வாறு?

பதில்: ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் மதிப்பிடும் ஈலோ தரப்புள்ளி, முடிந்த ஆட்டங்களின் கணக்கையே சொல்வதால், அதைப் பார்த்துக் கலங்குவது சென்ற மாத மழைக்கு இன்று குடை பிடிப்பதற்கு ஒப்பாகும். தோற்ற ஆட்டத்தைக் கணினியிடம் காட்டுமுன் தாமே குறிப்பெழுதி ஆராய்வதுதான் மிகப் பயனுள்ள பயிற்சி. ஏனெனில் கணினி சரியான நகர்வைக் காட்டுமே தவிர, தவறான நகர்வு அந்நேரத்தில் ஏன் சரியெனத் தோன்றியது என்பதை ஆடியவரே அறிவார். தம் ஆட்டங்களைத் தாமே கடுமையாக விமர்சிக்க வேண்டும் என்று வலியுறுத்திய சோவியத் வீரர் போட்வின்னிக், 1957இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960இல் தாலிடமும் உலகப் பட்டத்தை இழந்தபோதும், ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டே நடந்த மறுபோட்டிகளில் இருவரையும் வென்றார்; தாலை வென்றபோது அவருக்கு வயது 49, தாலுக்கோ 24.