ரத்தின் ரத்து: கிட் ரிவர்ட் குறித்த முதற்கட்ட ஆய்வு

ஒருவர் சேர்த்த கோடை இன்னொருவர் எடுத்துவிடும் வினை ரிவர்ட் எனப்படும். இது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில் நிகழும். காரணம் தனி ஆய்வுக்குரியது.

கோடின் மாற்ற வரலாற்றைக் காக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தந்த கிட்டில், ரிவர்ட் எதையும் அழிப்பதில்லை. பழைய கமிட், அதாவது பதிந்த மாற்றம், இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு நேரெதிரான மாற்றத்தோடு புதிய கமிட் ஒன்று மேலே ஏறும். கிரயப் பத்திரத்தை ரத்து செய்தாலும் வில்லங்கச் சான்றில் இரண்டும் வருமல்லவா, அப்படி. வரலாற்றையே வெட்டிவிட்டு ஃபோர்ஸ் புஷ் செய்யும் மரபினரும் உளர். பொது பிராஞ்சில் அவர்கள் வெட்டியதை, முன்பே புல் செய்து வைத்திருந்த யாராவது மறுநாள் அப்பாவியாக மெர்ஜ் செய்து திரும்பக் கொண்டுவந்துவிடுவார். அம்மரபினரோடு இவ்வாய்வாளர் ஒரே பந்தியில் அமர்வதில்லை.

ரிவர்ட்டின் குறிப்பில், நீக்கிய கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தைக் கிட்டே எழுதிவிடும். ஏன் நீக்கினோம் என்பது மட்டும் மனிதர் பொறுப்பு. ஆகவே அது எழுதப்படுவதில்லை.

இனி மையச் சிக்கல். மெர்ஜ் கமிட்டுக்குப் பெற்றோர் குறைந்தது இருவர். யார் பக்கம் நிற்பது என்று ‘-எம் 1’ போட்டுச் சொன்னால்தான் கிட் அதை ரிவர்ட் செய்யும். செய்தாயிற்று, எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று. திங்களன்று, தப்பு சர்வர் கான்ஃபிகில்தான், கோடில் இல்லை என்று தெரியவருகிறது. குற்றமற்றவர் தம் பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்கிறார். எல்லாம் ஏற்கெனவே வந்தாயிற்று என்கிறது கிட்.

“சார், மெர்ஜ் ஆயிடுச்சுங்குது. ஆனா ஒண்ணுமே வரல.”

“கேஷ கிளியர் பண்ணிப் பாருப்பா.”

கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாற்றங்கள் போய்விட்டாலும், அந்த கமிட்டுகள் சேர்ந்த வரலாறு போகவில்லை. கிட் வரலாற்றைத்தான் பார்க்கிறது. மருந்து, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்வது. லினஸும் கிட்டைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோவும் 2008இல் இதுபற்றி எழுதிய விளக்கம் இன்றும் கிட் ஆவணங்களில் இருக்கிறது.

முன்பெல்லாம் ரிவர்ட்டை ரிவர்ட் செய்யும் கமிட்டின் தலைப்பு ‘ரிவர்ட் ரிவர்ட்’ என்று திக்கும். 2023இல் வந்த 2.43 பதிப்பிலிருந்து ‘ரீஅப்ளை’ என்று கௌரவமாக வருகிறது. சண்டை தொடர்ந்தால் ‘ரீஅப்ளை ரீஅப்ளை’ என்று அதுவும் நீளும். தலைப்பைச் சுருக்கி எழுதுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள் என்று கையேடே கேட்டுக்கொள்கிறது. கையேட்டை எவரும் படித்ததற்கான சான்று களஆய்வில் கிட்டவில்லை.