ஊருக்குப் போய்க் கடிதம் போட்டவர்களுக்கு

மாட்சிமை பொருந்திய முதுகலை மாணவர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவினருக்கு,

தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 11.40க்கு. நல்ல சேதி சொல்ல யாரும் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்பதால் திறக்கும் முன்பே பாதி புரிந்துவிட்டது. மீதி இரண்டு வரி: "கட்டுரையில் மாணவத்தன்மை மேலோங்கியுள்ளது. வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்."

தங்கள் இதழின் பெயரை மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதுகலை மாணவர் ஆய்விதழ். அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லி, கடைசியில் "எல்லாம் சரி, ஆனால் பெண்ணாக இருக்கிறாளே" என்று எழுதியதாக மன்னார்குடிப் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை.

குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எப்போதும் பெரியவர்கள். தாங்கள் கேட்டதையெல்லாம் நாங்கள் செய்தோம். ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்றீர்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு ஜாதகத்தைத் தங்கள் ஒரு வீட்டில் மட்டும் கொடுத்தேன். தாங்கள் ஒரே நேரத்தில் எத்தனை வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டீர்கள் என்று கேட்பது மரியாதை ஆகாது. வெளியீட்டுக்குக் கட்டணமே கிடையாது என்று முதல் பக்கத்தில் பெருந்தன்மையோடு போட்டிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் மதிப்பீட்டாளர் மதிப்பூதியம் 500 ரூபாய், ஜிபே எண்ணுடன். "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்பதைத் தமிழ் ஆய்வுலகம் இவ்வளவு நயமாகச் சொல்லும் என்று நினைக்கவில்லை.

அடுத்தது பொருத்தம். எங்கள் வீடுகளில் பத்துக்குப் பத்து பொருந்தினால் மேளம் கொட்டுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டு விதியில் பத்து சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் பெண் திருடி. சரி, அதற்கும் தயார். ஆனால் கட்டுரையைப் பாமினி எழுத்துருவில் அடிக்கச் சொன்னதும் தாங்களே. பாமினியில் அடித்தது திருட்டைப் பிடிக்கும் மென்பொருளின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பை. அதனால் ஒப்புமை பூஜ்யம் என்று சான்றிதழ் வந்தது. ஒரு சொல்கூட வாசிக்காமல் நற்சான்று கொடுத்தது அந்த மென்பொருள். தங்கள் மதிப்பீட்டாளர் ஒரு சொல்லும் வாசிக்காமல் வேறு முடிவுக்கு வந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் வாசிக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், கெஞ்சிக் கேட்டு வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை என்னிடம் இருக்கிறது. என் கட்டுரை நடவுப் பாட்டுகளைப் பற்றியது. எங்கள் ஊரில் நடவு இயந்திரம் வந்த பிறகு வயலில் பாட்டு நின்றுவிட்டது. என் அப்பாயிக்கு மட்டும் முப்பத்தேழு பாட்டு நினைவிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி: "தகவலாளர் பாடியதற்கு மேற்கோள் நூல் எது? வெளியீட்டு ஆண்டு?" ஐயா, அப்பாயி இன்னும் முதற்பதிப்பில்தான் இருக்கிறார்.

இரண்டாவது குறிப்பு: "நெறியாளர் பெயரை முதல் ஆசிரியராகச் சேர்த்தால் பரிசீலிக்கலாம்." பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வயலுக்கு அவர் வரவில்லை. திண்ணைக்கு வரவில்லை. கட்டுரையையும் இதுவரை படிக்கவில்லை. அவர் பெயர் எதற்கு? உழைத்தவள் பெயருக்கு மேல் உழைக்காதவர் பெயரைப் போடச் சொல்வதற்கு வேறொரு சொல் உண்டு. அதைப் பிடிக்கிற மென்பொருளை யாரும் வாங்கி வைக்கவில்லை. எல்லாப் பெரியவர்களும் இப்படி இருந்ததில்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பதவி இல்லாத மனிதர். நாட்டார் பாடல்களை ஆய்வுப் பொருளாக்க முடியும் என்று அப்போதே காட்டியவர். இளையவர்களை உட்காரவைத்து எழுதவைத்தார். இன்று கட்டடம் இருக்கிறது, எட்டு இலக்கத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது, ஆசிரியர் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு மாணவி எழுதியதைப் படிக்க ஆளில்லை.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. பெண் வீட்டார் அடக்கமாக இருக்க வேண்டும்.

தங்கள் தயவு ஏன் தேவை என்றும் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் யூ.ஜி.சி. தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாகக் கழித்துக்கட்டியது. அப்புறம் அதற்குப் பதிலாகக் கேர் என்ற இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் போனது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறையிலேயே எடுத்துவிட்டார்கள். வரதட்சணையையும் 1961இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனாலும் முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலில், "என்னம்மா, பப்ளிகேஷன் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி வருகிறது. "ஒரு இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் சார்" என்றுதான் எட்டு மாதமாகச் சொல்லிவந்தேன்.

இந்த எட்டு மாதத்தில் என் எம்.ஏ. முடிந்துவிட்டது. இப்போது நான் மாணவி இல்லை. தாங்கள் கண்ட குறை தானாகவே தீர்ந்தது. தங்கள் இதழுக்கு எழுதும் தகுதியும் கூடவே போனது.

ஒரே ஒரு விண்ணப்பம். சம்பந்தம் கூடாவிட்டால் ஜாதகத்தையும் போட்டோவையும் திருப்பிக் கொடுப்பது வழக்கம். 500 ரூபாயைப் பஜ்ஜிச் செலவில் எழுதிக்கொள்கிறேன், அது வேண்டாம். கட்டுரையோடு அனுப்பிய ஒலிப்பதிவுகளை மட்டும் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். அடுத்த இதழில் அந்தப் பாட்டுகள் வேறு யார் பெயரிலாவது வந்தால், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு அப்பாயி கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு எழுத்து மட்டும்தான் தெரியாது.

இப்படிக்கு,
பெண் வீட்டார்