காது மிஷின் கடை வைக்கப் போகிறீர்களா?

சேலம், நாமக்கல் பக்கம் முட்டை விலை இறங்கலாம், லாரித் தொழில் படுக்கலாம். இரைச்சலுக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வராது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, நாமக்கல்லில் ஏர் ஹாரன். வாடிக்கையாளரை ஊரே உருவாக்கித் தருகிறது. காது மிஷின் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில எளிய வழிகள்:

1. படிப்பில் காலத்தை வீணாக்காதீர்கள்

காதுச் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பிஏஎஸ்எல்பி என்று ஒரு பட்டம் உண்டு. மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் நேரடிப் பயிற்சி. மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்திலும் சென்னை ஸ்ரீராமச்சந்திராவிலும் சொல்லித்தருகிறார்கள். பொறுமை குறைந்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோவும் இருக்கிறது. உங்களுக்கு எதற்கு? வாடகைக்கு ஒரு கடை, ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு வெள்ளைக் கோட்டு போதும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். அபராதத் தொகையைப் படித்துத் தைரியம் கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் வரியை வேகமாகத் தாண்டிவிடுங்கள்.

2. சோதனையைச் சுருக்குங்கள்

ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைந்துகொண்டிருப்பது படித்தவர்கள் வேலை. நீங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். திரும்பினால் காது நன்றாக இருக்கிறது. திரும்பாவிட்டால் வியாபாரம்.

முப்பது வருடம் தறி ஓட்டியவர் வருவார். “சத்தமெல்லாம் கேக்குதுங் தம்பி, பேசறதுதான் வெளங்க மாட்டீங்குது” என்பார். இரைச்சல் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் காதைத் தின்னும். ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் அப்படித்தான் தொலைகின்றன. அவருக்கு எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் கூட்ட வேண்டும் என்று வரைபடம் சொல்லும். உங்களிடம்தான் வரைபடம் இல்லையே! மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டிக் கொடுங்கள். தறிச் சத்தமும் சேர்ந்து கூடும்.

3. காதுக்கு அச்சு எடுக்கையில் துணிந்து ஊற்றுங்கள்

முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், நூல் கட்டிய பஞ்சடைப்பை உள்ளே வைக்க வேண்டும், அதன் பிறகே பசையைச் செலுத்த வேண்டும் என்பது விதி. அடைப்பு இல்லாவிட்டால் பசை செவிப்பறை வரை போய் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கிறார். அவரும் பிழைக்க வேண்டாமா?

4. வண்டியைப் பார்த்து விலை சொல்லுங்கள்

எக்ஸெல் மொபெட்டில் வந்தால் ஒரு விலை, இன்னோவாவில் வந்தால் வேறு. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதைக் கல்லாவுக்கு அருகில் எழுதி வைத்துவிடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தகுதியுள்ளவர்களுக்குக் கருவியை இலவசமாகக் கொடுக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டு. மூச்சு விடக் கூடாது.

5. விற்றதும் மறந்துவிடுங்கள்

வருடக்கணக்கில் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஆள் இரண்டு மூன்று முறை வந்து, அளவைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். வரச் சொல்லாதீர்கள். மிஷின் பீரோவுக்குள் போய்விடும், உங்களுக்குத் தொந்தரவில்லை. பேட்டரியில் 10-ஆம் அளவுக்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீல ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்ட நொடியில் பேட்டரி செலவாகத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. இதையும் சொல்லாதீர்கள். மிஷின் வாங்கிய அப்புச்சி ஒரே நாளில் அட்டையிலுள்ள எல்லாவற்றையும் உரித்து வைத்தால் லாபம் உங்களுக்கே.

6. எதிர்காலம் பற்றிப் பயம் வேண்டாம்

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைகளில் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. வீட்டோடு ஓடும் நாலு தறிக்கு அந்தச் சட்டம் எட்டாது. காதடைப்பான் வாங்கித் தர ஆளில்லாத வரை உங்கள் கடை மூடாது.

இந்த வழிகளெல்லாம் பிடிக்காத சிலர் நாலு வருடம் படித்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு அரசு மருத்துவமனை, குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், காக்ளியர் இம்ப்ளாண்டுக்குப் பிறகான பேச்சுப் பயிற்சி, சொந்த மையம் என்று வேலை காத்திருக்கிறது. ஒரு தறிக்காரர் சொல்வதை அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கும் பொறுமை இருந்தால், நம் ஊருக்கு இதைவிடத் தேவையான படிப்பு அதிகமில்லை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளை இருக்கும் வீடுகள் விசாரித்துப் பார்க்கலாம்.

மிஷின் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: விலையைக் கேட்கும் முன்னால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.