ஒரு ‘இல்’லும் பல தலைவலியும்

தமிழன் எங்கே போய் நின்றாலும் அவனுக்கு ஓர் ‘இல்’ போதும். கோணேசர் மலையில், மலை கோட்டையில், கோட்டை திருகோணமலை நகரின் ஓரத்தில். அதையே ஆங்கிலத்தில் எழுதப் போனால் மலைக்கு ‘ஒன்’, கோட்டைக்கு ‘இன்’, ஓரத்துக்கு ‘அட்’. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குக் கண், கால், புறம், அகம் என்று நீளப் பட்டியல் கொடுத்துத்தான் போனார். நாங்கள்தான் ‘இல்’லோடு நிம்மதியாக இருந்துவிட்டோம்.

உட்துறைமுக வீதிப் பக்கம் பின்னேரங்களில் நான் எடுக்கும் வகுப்புக்கு வருவது, கப்பலிலோ ஹோட்டலிலோ வேலை தேடும் பெடியன்கள். குனிந்து ஏறிக் குந்தினால் ‘இன்’, நிமிர்ந்து நடக்க இடமிருந்தால் ‘ஒன்’ என்று ஒரு சூத்திரம் சொன்னேன். அதனால்தான் ஓட்டோவுக்கு ‘இன்’, பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் ‘ஒன்’. கிண்ணியாப் பெடியன் ஒருவன் கை தூக்கினான்.

“சேர், எங்கட வாப்பா தோணியில நிண்டுதான் வலை போடுற. அப்ப?”

“தோணிக்கு ‘இன்’தான். நிற்கிறது வாப்பாட கெட்டித்தனம்.”

“ஓட்டோவில ட்ரைவருக்குப் பக்கத்தில தொங்கிக்கொண்டு போறவன்?”

“பொலிஸ் கண்டால் ‘இன் ட்ரபிள்’.”

‘ஒன் டைம்’, ‘இன் டைம்’ இரண்டுக்கும் கிண்ணியாவே உதவியது. 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’ என்கிற மிதவையில்தான் கடக்கவேண்டியிருந்தது. பாதை தன் நேரத்துக்கு வெளிக்கிட்டால் அது ‘ஒன் டைம்’. கயிறு அவிழ்க்கமுன் நாங்கள் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டால் ‘இன் டைம்’. பாலம் வந்ததில் ஊருக்கு நன்மை, எனக்கு ஓர் உதாரணம் நட்டம்.

ஆளை விழுத்துவது ‘ஓஃப்’. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றுதான், ‘ஓஃப் பட்டிக்கலோ’. ஒருவன் மொழிபெயர்த்தான்: “மட்டக்களப்பை நிற்பாட்டிப்போட்டுக் கப்பலைத் தாட்டார்கள்.” சுவிட்ச் இல்லையடா, கரைக்கு வெளியே கடலில் என்று அர்த்தம் என்றேன். குண்டுவீச்சுக்குத் தப்பத்தான் முதல்நாள் இரவு அது இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனது. இங்கே நின்றபோது ‘இன் ஹாபர்’, வெளிக்கிட்டதும் ‘அட் சீ’, பிறகு ‘ஓஃப்’, கடைசியில் ‘ஒன் த சீபெட்’. முன்னூறுக்கு மேற்பட்டோர் மாண்ட கதையில் இலக்கணம் படிப்பிப்பது அவ்வளவு அழகில்லைதான். ஆனால் இத்தனையும் ஒரே கப்பலில் வேறெங்கே அகப்படும்?

‘இன் ஹாபர்’ கப்பலுக்கு. ‘அட் த ஹாபர்’ என்றால் கரையில் நின்று கச்சான் கொறிக்கும் எங்களுக்கு.

போன கிழமை ஒருவன் பிந்தி வந்தான். ரோட்டில் மானாம். இந்த ஊரில் அதைப் பொய் என்று சொல்லமுடியாது.

“த டியர் வோஸ் ஒன் த வே, சேர்.”

“‘ஒன் த வே’ என்றால் மான் இப்பதான் வந்துகொண்டிருக்கு. ‘இன் த வே’ என்றால் வந்து குறுக்கால படுத்திட்டுது. எது?”

யோசித்தான். “முதல் ‘ஒன்’, பிறகு ‘இன்’, சேர்.”